பல்வலிக்காரி

மனநல ஆலோசகர் படிப்பில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: நம்மிடம் வருகிறவரை வெளியே பார்த்தால் நாமாகப் பேசக் கூடாது, வராமல் நின்றுவிட்டால் வீடு தேடிப் போகக் கூடாது. சென்னையில் உட்கார்ந்து அதைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினேன். திருவண்ணாமலைக்கு வந்து அதைக் கட்டிக்கொண்டு அழுவேன் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. தெரிந்த பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக்கின் பின்னறையை எனக்கு ஒதுக்கித் தந்திருந்தார். போர்டு வைக்கவில்லை. வைத்தால் ஈ காக்கை வராது. என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் வீட்டில் பல்வலி என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள்.

மலையடியில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்துப் பெண்ணும் அப்படித்தான் வந்தாள். பிறந்த அன்றே அவளுடைய குழந்தை இறந்திருந்தது. "அடுத்தது பொறக்கும், அழாத" என்று சொல்லி வீட்டில் வாயை அடைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைகளில் என் எதிரே உட்கார்ந்து அழுவாள். கடைசியாக வந்த அன்று, "கெணத்துப் பக்கம் போனா கால் தானா நின்னுடுது மேடம்" என்றாள். அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து, சென்னையில் எனக்கு வழிகாட்டும் மேற்பார்வையாளரை அழைத்தேன். "உயிருக்கு ஆபத்துன்னா வீட்ல சொல்லிடலாம்மா" என்றார். சொல்வது சுலபம். பைத்தியம் என்று பெயர் வைத்து அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதுதானே அவளுடைய பெரிய பயம்? நானே அவளைக் கிணற்றில் தள்ளுவது போல இருந்தது.

பௌர்ணமி வந்தது. மலை சுற்றப் போகிறவளை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கிரிவலப் பாதையில் அவள் மாமியார் மோர்க்கடை போடுவதாக அவளே சொல்லியிருந்தாள். மதியமே கிளம்பினேன். வழியெல்லாம் கடவுளையும் என் படிப்பையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

கடையில் மாமியார் இருந்தாள். பின்னால் அவள், முந்தானையை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாள்.

மோரை வாங்கிக்கொண்டு, யாரோ வழிப்போக்கர் போல, "அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"என் மருமவம்மா. வாராவாரம் பல்லு வலின்னு டவுனுக்கு அலைஞ்சா. அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியல. அதான் வேலூரு இட்டுகினு போயி ரெண்டு கடவாப் பல்லப் புடுங்கிட்டோம். இனிமே டவுனுக்குப் போற வேலையே இல்ல."

நல்ல பற்கள். வலிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செவ்வாய்க்கிழமைகளில் எங்கே போனாய் என்று கேட்பார்களே, அதற்குப் பயந்து வாயைத் திறந்து காட்டியிருக்கிறாள். எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் மாட்டிக்கொள்வது அவள். டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னைத் தெரிந்த சாயல் முகத்தில் துளியும் இல்லை. பிறகு ஈரக்கையை மெல்ல மறு கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, இந்தப் பக்கமும் வலிக்குது. செவ்வாக்கெழம அந்த டவுன் டாக்டரையே பாத்துட்டு வந்துடட்டுமா?"