பன்றி மூக்கில் பஞ்சுக் குச்சி

ஊசி போடுகிற கம்பவுண்டருக்கு ஊரில் மரியாதை உண்டு. பன்றி மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டுச் சளி எடுக்கிற கம்பவுண்டருக்கு எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழி மட்டும்தான் விடுவார்கள். எழுபதுகளில் தர்மபுரிப் பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரி ஒன்றில் நான் அந்த இரண்டாவது ரகம். மேலிடத்து உத்தரவு என்றால் ஏன், எதற்கு என்று கேட்காமல் கிளம்பிப் பழகிய உங்களுக்கு என் பாடு புரியும்.

முதல் மூக்கு

கம்பைநல்லூர் அருகே லூர்துமேரி என்ற அம்மாள் பத்துப் பன்றிகள் வளர்த்தார். வீட்டுச் சுவரை ஒட்டியே பட்டி. பட்டிக்குள்ளேயே கோழிகளும் மேயும். அவர் மகன் பின்னங்காலைப் பிடிக்க, நான் குச்சியை விட, பன்றி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. சளியை மெட்ராசில் சோதிக்கப் போகிறார்கள் என்று விளக்கினேன். அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எம் மூக்குலயும் சளிதானுங்க ஒழுவுது. அதைக் கேக்க ஒரு ஆபீசரும் வரலைங்களே!"

ஜோலார்பேட்டை

எதற்கு இந்தச் சளி என்று எங்கள் டாக்டரிடம் கேட்டது என் தப்பு. அன்றோடு என் நிம்மதி போயிற்று. மனிதனுக்கு வரும் ஃப்ளூ கிருமியும் பறவைக்கு வரும் ஃப்ளூ கிருமியும் ஒரே பன்றிக்குள் ஒரே சமயத்தில் புகுந்தால், துண்டுகளை மாற்றிக் கோத்துக்கொண்டு புதுக் கிருமி ஒன்று கிளம்பலாமாம். ஜோலார்பேட்டை ஜங்ஷனில் இரண்டு ரயில் வண்டிகளை அவிழ்த்து, பெட்டிகளை மாற்றிக் கோத்து அனுப்புவது போல என்றார். அந்தப் புது வண்டியைத் தடுக்க யார் உடம்புக்கும் தெரியாதாம்.

எனக்கு லூர்துமேரி வீட்டுச் சுவர்தான் கண்ணில் நின்றது. அந்தப் பக்கம் பன்றியும் கோழியும்; இந்தப் பக்கம் எட்டு மாதக் கர்ப்பிணியான மருமகள் ஸ்டெல்லாவின் பாய். மறுநாளே ஓடிப்போய், பாயை வேறு பக்கம் மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். "நம்ம பக்கம் அப்படி நடக்குமா சார்?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நிமிராமலே சொன்னார்: "நடந்தா, முதல்ல தும்மப்போறது குச்சி விட்ட ஆளுதான்யா."

ஐஸ் காத்திருக்காது

முதல் சளியில் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எடுக்கச் சொன்னார்கள். அந்த வாரம் ஊரெல்லாம் ஃப்ளூ. எனக்கும் உடம்பு அனலாகக் கொதித்தது. சளி கெடாமல் கொண்டுபோக ஐஸ் வாங்கியாகிவிட்டது, மொரப்பூரில் மெட்ராஸ் வண்டி எனக்காக நிற்காது. லீவு கேட்கப் பயந்து, காய்ச்சலோடே லூர்துமேரி பட்டிக்குப் போனேன். பத்து மூக்கு முடிவதற்குள் இருபது தும்மலாவது தும்மியிருப்பேன். ரயிலில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு நடுங்கிய என்னைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "அதுக்குள்ள ஐஸ்தானுங்களே? கொஞ்சம் எடுத்து நெத்தியில வெச்சுக்கக் கூடாதுங்களா?"

கடைசிக் கடிதம்

நான்கே நாளில் லூர்துமேரி வீட்டிலிருந்து ஆள் வந்தது. பத்துப் பன்றியும் இருமுகின்றன, ஸ்டெல்லாவுக்கும் காய்ச்சல். ஜோலார்பேட்டையில் வண்டி கிளம்பிவிட்டது என்றே நினைத்தேன். மறுபடி சளி எடுத்து அனுப்பிவிட்டு, தினமும் சைக்கிளில் போய் ஸ்டெல்லாவை விசாரித்தேன். ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. பன்றிகளும் தேறின. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகுதான் கடிதம் வந்தது: புதுக் கிருமி இல்லை, பன்றிகளுக்கு வந்தது ஊரில் மனிதர்களுக்கு வந்த அதே ஃப்ளூ.

டாக்டர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் நேரே கம்பைநல்லூர் போய், அன்று காய்ச்சலோடு வந்து பன்றிகள் மேல் தும்மியதை மறைக்காமல் சொன்னேன். லூர்துமேரி பேத்தியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டார்: "பன்னிகிட்டப் படுக்காதீங்கன்னு எங்களுக்குச் சொல்ல நீங்க ஓடியாந்தீங்க. இந்த ஆளுகிட்ட நிக்காதீங்கன்னு பன்னிக்கு யாருங்க சொல்றது?"

உடம்புக்கு முடியாதபோதும் வேலைக்குப் போய் நல்ல பேர் வாங்கிய தோழர்களே, அந்த நல்ல பேரை யார் மூக்கில் தடவிவிட்டு வந்தோம் என்று நாம் ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை.