சிரிப்புக்கு எந்தக் கட்டம்?

அவள் வேலை கேள்வி எழுதுவது. பதில் தெரிந்தவர்களே வேலை கிடைக்காமல் அலையும்போது, கேள்வி மட்டும் தெரிந்த ஒருத்திக்கு மாதச் சம்பளமா என்று தெருவில் பலருக்கு வயிற்றெரிச்சல். ‘கேள்வி மேடம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வீடு வீடாகப் போய்த் தகவல் எடுப்பவளாகத்தான் தொழிலாளர் நல அலுவலகத்தில் சேர்ந்தாள். ‘வீட்டில் சண்டை வருமா?’ என்றால் கதவு மூஞ்சியில் சாத்தப்படும். ‘கடைசியா எதுக்குச் சண்டை போட்டீங்க?’ என்றால் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். சாத்திய கதவுகளிடம் இப்படிப் பாடம் படித்துத்தான், கேள்வி எழுதும் மாடியறைக்கு வந்தாள். அங்கே மின்விசிறி சுற்றினால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் ஆள் வெந்துபோகும்.

அந்த வருடம் தகர மூடி செய்யும் தொழிற்சாலையில் காது பற்றிய கணக்கெடுப்பு வந்தது. பலருக்குக் காது கெட்டிருந்தால் முதலாளி தன் செலவில் சோதனை செய்து, காதுமூடி கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் ஃபைல் மூடப்படும். அவள் கணவனும் அங்கேதான், பிரஸ் மெஷினில். “உங்க வீட்டுக்காரரை மட்டும் விட்டுடுங்கம்மா, நாளைக்கு ஒருத்தன் குறை சொல்லக் கூடாது” என்றார் ஆபீசர். நியாயம்தான்.

‘உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா?’ என்று எழுதிக்கொண்டு போனாள். மெஷின்கள் தடதடக்க, ஃபோர்மேன் நிழல் மாதிரி தோளுக்குப் பின்னால் நிற்க, ஒவ்வொருவரும் சிரித்துத் தலையாட்டினார்கள். ‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டுக்கொண்டே வந்தாள்.

“பாத்தீங்களா மேடம்? எங்க ஆளுங்க ஒவ்வொருத்தனுக்கும் பாம்புக் காது!” என்றான் ஃபோர்மேன்.

திரும்பி அலுவலகப் படி ஏறும்போதுதான் உறைத்தது. வயது என்ன என்ற கேள்விக்கும் ஒருத்தர் சிரித்துத் தலையாட்டியிருந்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு படி ஏறியதும் அது வந்த வழியே போய்விட்டது.

“சார், கேள்வி தப்பு. கேட்ட இடமும் தப்பு. மறுபடி போகணும்.”

“எல்லாரும் நல்லா இருக்கேன்னு சொன்னா உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?” என்று அலுத்துக்கொண்டாலும் ஆபீசர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அதற்கு மேல் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

புதுக் கேள்விகளை எழுதி, முதலில் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தாள். கணவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். எதிரே போய் உட்கார்ந்தாள்.

“டிவி சத்தம் ஜாஸ்தின்னு வீட்டுல யாராவது சண்டை போடுறாங்களா?”

“நீதான் போடுற.”

“எழுதிக்கவா?”

“எழுதிக்கோ. சாட்சிக்குப் பக்கத்து வீட்டையும் கூப்பிடு.”

“கடைசியா ஒருத்தர் சொன்னது காதுல விழாதப்ப என்ன பண்ணீங்க?”

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “சிரிச்சேன்.”

“சிரிச்சீங்களா?”

“சிரிச்சா முக்காவாசி சரியா வந்துடும்மா. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. மெஷின் வரிசைல எல்லாரும் அப்படித்தான்.”

பேனா நின்றுவிட்டது.

முன்னொரு மழைக்காலத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல், அவனிடம் ஒன்று கேட்டிருந்தாள். உடம்புக்கு முடியாத அம்மாவை நம்மோடு வைத்துக்கொள்ளலாமா என்று. பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கேயே கண்ணை மூடினாள். அதிலிருந்து வீட்டில் உப்பு புளிப் பேச்சு மட்டும்தான். ஊமைக்கோட்டான் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவனுக்குச் சோறு போட்டாள். பதில் சொல்லாதவரை ‘இல்லை’யில் சேர்க்காதே, இன்னொரு தரம் கேள் என்று அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள், வீட்டில் இன்னொரு தரம் கேட்கவில்லை.

அன்று கேட்டதை இப்போது சொன்னாள். அவன் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக.

அவன் வெகுநேரம் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டிருந்தான். “எனக்குக் காதுல விழலம்மா. நீயா கேப்பேன்னு இருந்தேன். அம்மாவுக்காகத்தானே அந்தப் பின் ரூமைக் காலி பண்ணேன்.”

அவன் மெஷின் சாமான் போட இடம் பண்ணுகிறான் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். இப்போது அங்கே பழைய சைக்கிள்தான் நிற்கிறது. அவள் அழுதாள். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

பிறகு மெதுவாகக் கேட்டான்: “இதெல்லாம் எழுதிக்கொடுத்தா எங்க ஆளுங்களை மெஷின்லேருந்து தூக்கிடுவாங்களா?”

“பேர் போட மாட்டோங்க.”

“பேர் எதுக்கு? ஃபோர்மேன்தான் பக்கத்துலயே நிக்கிறானே.”

மறுமுறை தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தின் மூலையில் மேசை போட்டாள். ஒரு நேரத்தில் ஒருவர்தான், நேர் எதிரில். முதல் ஆளிடம் முதல் கேள்வியைக் கேட்டதுமே ஃபோர்மேன் வாசலில் தலைகாட்டினான். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

அப்போது கணவன் குறுக்கே வந்து வாசலை அடைத்து நின்றான்.

“சார், என் மெஷின்ல பெல்ட் ஒரு மாதிரி ஓடுது.”

“அப்புறம் பாக்கலாம், வழிவிடு.”

“என்ன சார்?”

“அப்புறம்!”

“சத்தமாச் சொல்லுங்க சார்.”

கத்திக் கத்தி ஃபோர்மேனுக்குத் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் வெறுத்துப்போய், “உனக்கென்ன காது கேக்காதா?” என்றான்.

சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுச் சத்தம் ஓய்ந்தது. கணவன் முகம் பழக்கதோஷத்தில் சிரிக்கப் போனது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

“ஆமா சார். ரொம்ப நாளாவே சரியாக் கேக்கல. வாங்க, பெல்ட்டைக் காட்டுறேன்.”

இருவரும் மெஷின் பக்கம் நடந்தார்கள். அவன் பெயர் அவள் பட்டியலில் இல்லை, எழுத இடமும் இல்லை. எதிரே இருந்தவர் சிரிப்பை நிறுத்தும்வரை காத்திருந்தாள். பிறகு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, முதல் கேள்வியை மறுபடி கேட்டாள்.