மணப்பெண் அறையும் என் வயிற்றுக் கலக்கமும்

மணப்பெண் அலங்காரத் தொழிலில் கை நடுங்கக்கூடாது என்பார்கள். எனக்கு ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் நடுங்குகிறது. ஜார்ஜ் டவுனில் என்னைப் போல மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைகிற சகோதரிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

புதுக் கிரீம்

பாகான் டாலாமில் கவிதா என்று ஒரு மணப்பெண். விடியற்காலையில் எங்கள் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினால், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்து நின்றாள். விலக்கிப் பார்த்தேன். கன்னம் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. ஆன்லைனில் வாங்கிய ஏதோ கிரீமை முதல் நாள் சாயங்காலம் பூசியிருக்கிறாள். "பளபளன்னு ஆகும்னு போட்டிருந்துச்சுக்கா" என்று அழுதாள். கல்யாண வாரத்தில் முகத்தில் புதிதாக எதையும் பூசாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதைச் சொல்லி என்ன பயன்?

பெட்டியைத் திறக்கவே பயம். மேலே எதையாவது பூசி இன்னும் வீங்கிவிட்டால்? அவள் அண்ணன் அவளைக் கிளினிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு அழைத்து வந்தார். நான் ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தேன். வீக்கம் மெல்ல வடிந்தது. பொட்டும் உதட்டுச் சாயமும் மட்டும் வைத்துவிட்டு, "இன்னும் ஏதாவது போடட்டுமா?" என்று கேட்டேன்.

"அக்கா, அழகெல்லாம் வேணாம்லா, என் மூஞ்சி எனக்குத் திரும்பக் கிடைச்சதே போதும்."

வெள்ளையாக்கச் சொன்ன மாமியார்

இன்னொரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா அறைக்குள் வந்து, "பொண்ணக் கொஞ்சம் வெள்ளையாக் காட்டும்மா" என்றார். செய்தால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். செய்யாவிட்டால் மண்டபம் முழுக்க என் பெயர் நாறும். பிரஷ்ஷோடு விழித்துக்கொண்டு நின்றேன். மணப்பெண் பள்ளி ஆசிரியை. என் கையிலிருந்த பிரஷ்ஷை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"அத்தை, நாளைக்குக் காலையில மூஞ்சி கழுவிட்டு வந்தா, உங்க மகன் என்னைப் பார்த்து யாரு நீன்னு கேப்பாரு."

விக்

பாலிக் புலாவில் தேவி என்ற மணப்பெண்ணுக்குப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து சில மாதங்கள்தான். தலையில் விரல் நகத்தளவு முடி முளைத்திருந்தது. அவள் அம்மா நல்ல விக் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதில் மல்லிகையை ஏற்றினேன். பூவின் கனத்துக்கு அது பின்னால் சரிந்தது. மாலை மாற்றும்போது கழன்று விழுந்தால்? தேவியின் காதோரம் வியர்வை வழிந்தது. வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. "பொண்ண அழைச்சிட்டு வாங்க" என்று ஐயரின் குரல்.

"அக்கா, இத எடுத்துடுங்க" என்றாள் தேவி.

அவள் அம்மா கதவை மறித்துக்கொண்டார். "சனங்க என்னடி பேசும்?"

என் கை விக்கின்மேலேயே நின்றுவிட்டது. யார் பேச்சைக் கேட்பது? கண்ணாடியில் தேவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துவிட்டேன். நெற்றிச்சுட்டியை நூலால் கட்டி, மெல்லிய மல்லிகைச் சரம் ஒன்றைத் தலையைச் சுற்றி வைத்தேன். அம்மா அழ ஆரம்பித்தார். தேவி எழுந்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"கொட்டுனத எல்லாரும் பார்த்தாங்கம்மா, வளர்றதையும் பார்த்துட்டுப் போகட்டும்."

மணப்பெண்கள் எப்படியோ சிரித்த முகத்தோடு மேடையேறிவிடுகிறார்கள். கல்யாணப் போட்டோக்களில் அவர்களுக்குப் பின்னால் பேயறைந்த மாதிரி நிற்கிற அந்தப் பெண்மணி நான்தான்.