இரண்டு அணிகளின் மூன்றாவது டிரம்

பதினைந்து வயதில், என் உடம்பைவிடப் பெரிதாக ஒன்றை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பேஸ் டிரம். மாட்டினால் காலும் தெரியாது, நிலமும் தெரியாது. மிதப்பதுபோல இருக்கும். ஊரைவிட்டு வந்து குடியேறிய செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தின் வாகனத் தரிப்பிடத்தில்தான் பயிற்சி. கோடையில் தார் சூடேற, தூரத்தில் நிற்பவர்களெல்லாம் தண்ணீருக்குள் நிற்பதுபோல ஆடித் தெரிவார்கள்.

எங்களுடையது அணிவகுத்து நடந்தபடி வாசிக்கும் பாண்ட்; அணிக்குப் பச்சை ஜக்கெட். ஐந்து பேஸ் டிரம்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, ஒவ்வொரு குரல். ஒரு தாளம் முதலாவதில் தொடங்கி ஐந்தாவதில் போய் முடியும். ஆளுக்கு ஒரு அடிதான். நான் மூன்றாவது. நான்காவது என் தோழி, ஹெய்ட்டிக்காரப் பிள்ளை. என் அடி விழுந்த மறுகணம் அவளுடையது விழும். சிலவேளை எது என் அடி என்றே எனக்குத் தெரியாமல் போகும்.

நகரின் மறுபக்கம் லாசாலில் இருந்த அணி பெரியது. நீலச் சீருடை, கோடை முழுக்க ஊர் ஊராகப் பயணம். ஒரு போட்டியில் எங்களைப் பார்த்த அவர்களுடைய பயிற்றுநர், தங்களுக்கு மூன்றாவது டிரம்முக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். அவர்கள் வாசிக்கும்போது ஸ்டேடியத்தின் காற்றே தடித்துப்போகும். அந்தச் சத்தத்துக்குள்ளே நிற்க வேண்டும்போல இருந்தது.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். “நான் இந்த பாண்டை விட்டிட்டு மற்றதுக்கு மாறப்போறன்.”

சோற்றுக் கரண்டியோடு அம்மாவின் கை அப்படியே நின்றது. போர்க்காலத்தில் ஊரில் ஒரு இயக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களின் கதைகள் எங்கள் வீட்டில் எப்போதும் பாதியில் நின்றுவிடும். அப்பாவின் தம்பியின் கதையும் அப்படித்தான். மீதியை நான் கேட்டதில்லை.

அப்பா தன் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவையள் உன்னை என்ன செய்வினம்?”

“கோவிப்பினம்.”

“கோவம் மட்டுந்தானே?”

“ஓம்.”

“அப்ப மாறு பிள்ளை. மாறிப்போட்டு உயிரோட திரியலாமெண்டுதானே இஞ்ச வந்தனாங்கள்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என் கோப்பையில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

தோழியிடம் மெட்ரோ வாசலில் வைத்துச் சொன்னேன். நாங்கள் பிரெஞ்சில்தான் பேசிக்கொள்வோம். ஆனால் இப்போது நினைக்கும்போது, அவள் எங்கள் வீட்டுத் தமிழில்தான் பேசுகிறாள்.

“அப்ப உன்ர அடியை ஆர் அடிக்கிறது?”

“ஆரையும் பிடிப்பினம்.”

“ஓம், ஆளைப் பிடிக்கலாம்,” என்றாள். நகரும் படியில் ஏறி நின்றாள். படி அவளைக் கீழே கொண்டுபோனது. அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

லாசாலில் ஆற்றிலிருந்து பனிப்புகார் ஏறிவரும் காலைகளில் பயிற்சி தொடங்கும். நீலச் சட்டைகள் பாதி கரைந்து நிற்கும். அங்கே எனக்குப் பக்கத்தில் நான்காவது டிரம் அடித்தவன் நல்ல பையன், பிழையே விடமாட்டான். ஆனாலும் என் காது ஒரு மயிரிழை முன்னதாகவே வேறொரு அடிக்காகக் காத்திருக்கும். அது வராது. பிறகு அவனுடையது வரும்.

அந்தக் கோடைப் போட்டியில் எங்களுக்கு முன்னால் பச்சை அணி. மைதானத்துக்குக் கீழே இருந்த நடைபாதையில் எங்கள் முறைக்காகக் காத்து நின்றோம். மேலே அவர்கள் வாசிப்பது கொங்கிரீட் வழியாக இறங்கி வந்தது. கனவில் கேட்கிற சத்தம்போல, திசையே இல்லாமல். மூன்றாவது அடி வரும் இடமெல்லாம் என் விரல்கள் தொடையில் தட்டின. பக்கத்தில் நின்ற இரண்டாவது டிரம்காரி என் மணிக்கட்டை மெல்லப் பிடித்தாள்.

“நீ இப்ப எங்கட ஆள்,” என்றாள். நான் தலையாட்டினேன்.

பிறகு அவர்கள் இறங்கி வந்தார்கள். பச்சை ஜக்கெட்டுகள் எங்களை உரசிக்கொண்டு போயின. ஒருவரும் பார்க்கவில்லை. தோழி மட்டும் பார்த்தாள். கோபமும் இல்லை, சினேகமும் இல்லை. மழை வருமோ என்று வானத்தைப் பார்ப்பதுபோல.

அடுத்த பனிக்காலம் பச்சை அணி கலைந்தது. சேர்வதற்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பயிற்சி மண்டபக் கதவு திறந்தது. சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். நான்காவது டிரம் அடித்தவன் படிப்புக்காகப் போயிருந்தான். அந்த இடம் அவளுக்குக் கிடைத்தது. ஆனால் ஜக்கெட்டைக் கழற்றமாட்டேன் என்றாள். வேறு அணியின் நிறத்தை மண்டபத்துக்குள் போடக்கூடாது என்பது அங்கே விதி. பயிற்றுநர் என்னைப் பார்த்தார். “நீதான் கதைக்கவேணும்.”

இரண்டு பேரும் படிக்கட்டில் போய் இருந்தோம். மெட்ரோ வாசலுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “நீ எப்பிடி உன்ரயைக் கழட்டினனி?”

“நான் கழட்டேல்லை. வளந்திட்டன். அது எனக்குச் சின்னனாப் போச்சுது.”

அவள் தன் ஜக்கெட்டின் கையை இழுத்துப் பார்த்தாள். “எனக்கு இன்னும் அளவாத்தான் இருக்குது,” என்றாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள். நான் பயிற்றுநரிடம் போய், அவளுக்குக் குளிர்கிறது, கொஞ்ச நாள் விடுங்கள் என்றேன். மண்டபத்தில் வெப்பமூட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்றார். வசந்தம் வரைக்கும் நீலத்துக்கு நடுவே அந்தப் பச்சை வேர்த்து நின்றது. ஏப்ரலில் ஒருநாள் அவள் ஜக்கெட் இல்லாமல் வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த ஒரு கோடை நாங்கள் பக்கத்தில் நின்று அடித்தோம். என் வாழ்க்கையில் கால் நிலத்தில் படாமல் போன மாதங்கள் அவை.

இலையுதிர் காலத்தில் நாட்டு எல்லைக்கு அப்பால் இருந்த இன்னும் பெரிய அணியொன்று அவளை எடுத்தது. பஸ் நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

“கோவமோ?” என்று கேட்டாள்.

“ஓம். கொஞ்சம்.”

“நல்லது. இல்லையெண்டிருந்தா எனக்குத் தாங்கேலாமப் போயிருக்கும்.”

பஸ் ஜன்னல் ஆவி படிந்து வெளுத்திருந்தது. அவள் எந்தப் பக்கம் இருந்தாள் என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் கை காட்டினேன்.