அவனுக்காக அசைந்த கை

பக்கவாதம் வந்து என் மனைவிக்கு வலது கையும் காலும் விழுந்துபோனதும், பள்ளிக்கூட வேன் ஓட்டுவதை விட்டுவிட்டு நான் வீட்டோடு இருந்துகொண்டேன். பல் தேய்த்துவிடுவது, குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, சோறு ஊட்டுவது எல்லாம் நானே. எங்கள் ஊரான வில்பட்டியில் பெண்கள் என்னைக் காட்டித் தங்கள் புருஷன்மாரைத் திட்டுவார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் அந்தப் பிசியோதெரபிஸ்ட் வந்து சேர்ந்தான். பழனிக்காரன், சின்ன வயது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு அவளை ஜீப்பில் கூட்டிப்போன முதல் நாளே "அக்கா" என்றான். நான் எவ்வளவோ கெஞ்சியும் அசையாத விரல்கள், அவன் மேசைமேல் ஒரு மலைப்பூண்டை வைத்து "எடுங்கக்கா" என்றதும் லேசாக மடங்கின. அவள் சிரித்துவிட்டாள். படுக்கையில் விழுந்த பிறகு என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன் வயிறு எரிந்து உட்கார்ந்திருந்தேன்.

அவளுடைய இடது கைக்கு ஒரு கம்பளி உறையை மாட்டினான்.

"நல்ல கையே எல்லாச் சோலியும் பாத்துருச்சுன்னா, மூளை இந்தக் கையை மறந்துரும்ணே. தனக்கு வேணுங்கிற வேலையை இந்தக் கையாலயே திரும்பத் திரும்பச் செய்யணும். அப்பத்தான் மூளை புதுசாப் பழகும்" என்றான். கூடவே, "இனி நீங்க ஊட்ட வேணாம்."

"மேலெல்லாம் சோத்தைச் சிந்திக்குவாளே தம்பி."

"சிந்தட்டும்ணே."

என் கையிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

இன்னொரு நாள், "எதைத் தனியாச் செய்ய ஆசைக்கா?" என்று அவளைக் கேட்டான். முன்போலத் தோட்டத்து வேலைக்குப் போகணும் என்பாள் என்று நான் நினைத்தேன். அவள் நாக்குக் குழற, "கதவச் சாத்திக்கிட்டு... குளிக்கணும்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெந்நீர் மொண்டு ஊற்றியவன் நான். அவள் கூசிப்போனதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே வந்து குளியலறையைப் பார்த்தான். "அக்கா உடம்பு மட்டும் காரணமில்லண்ணே. இந்த ஒசந்த படியும் வழுக்குத் தரையும் சேந்துதான் அவங்கள முடக்கிப் போடுது" என்றான். பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி பதிக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னான். வேண்டாமென்று நானே துளைபோட்டுப் பதித்தேன். படியை உடைத்துச் சரித்துப் பூசினேன். அந்தப் பேரும் அவனுக்கே போவதில் எனக்கு விருப்பமில்லை.

சில வாரம் கழித்து, சுவரைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்து நடந்து, அவள் தனியாகக் குளிக்கப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியில் நின்றேன். உள்ளே மக் விழுந்து உருண்டது. பதறிப்போய்க் கதவில் கைவைத்தேன்.

"வராதீங்க!" என்று கத்தினாள்.

நெடுநேரம் கழித்து, ஈரத்தலையோடு, காதுக்குப் பின்னால் சோப்பு நுரையோடு வெளியே வந்தாள். துடைத்துவிடப் போன கையை இழுத்துக்கொண்டேன். அவளோ நாற்காலியில் உட்கார்ந்ததும் போனைக் கேட்டு வாங்கி, "தம்பி, குளிச்சிட்டேன்!" என்றாள் அவனிடம்.

"என்னைய விட்டுட்டு அவன்ட்டத்தான் மொதல்ல சொல்லணுமோ?" என்று கேட்டே விட்டேன்.

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்க கதவுகிட்டயேதான நின்னீங்க. ஒங்களுக்குச் சொல்லித்தான் தெரியணுமாக்கும்?"

அவள் விரல்கள் இன்னும் முழுதாக நீளவில்லை. அப்படியே நின்றுவிடலாம் என்றும் அவன் சொல்லியிருக்கிறான். ஆனாலும் தன் சோற்றைத் தானே பிசைந்து தின்கிறாள். அவன் மதுரைக்கு வேலை மாறிப் போய்விட்டான். அவன் கூப்பிட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்றுதான் இருக்கிறது. இருந்தாலும் போனை எடுத்துப்போய் அவளுடைய வலது பக்கமாக நீட்டுகிறேன். விரல்கள் மெல்ல வந்து பிடிக்கும்வரை நிற்கிறேன்.