சவேலி கட்டிவிட்டுப் போன பனியன்

ரொதியோன் விண்வெளி நிலையத்துக்கு வந்து சேர்ந்த அன்றே நான் அவனைச் சவேலி என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். கதவைத் திறந்ததும் அவன் தலைகீழாக நீந்தி உள்ளே வந்தான். வருகிறவரை வரவேற்கும் வழக்கப்படி நாங்கள் நீட்டிய ரொட்டியையும் உப்பையும் வாயில் போட்டுக்கொண்டிருந்தான். "சவேலி, காலைப் பார்த்து வைப்பா, காமிராவை உதைச்சிடாதே" என்றேன். பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த உண்மையான சவேலி சிரித்தான். வாயில் ரொட்டியோடு வந்தவன் சிரிக்கவில்லை.

கணக்கு இதுதான். நான் கமாண்டர், என்னை எல்லோரும் அப்பா பெயரைச் சொல்லி யெகோரிச் என்பார்கள். சவேலி பொறியாளர். நாங்கள் இருவரும் நான்கு மாதமாக மேலே குடும்பம் நடத்தியிருந்தோம். திட்டப்படி நான் அப்படியே இருக்க, பொறியாளர் மட்டும் மாற வேண்டும். அதாவது வீட்டுக்காரன் நான்தான், வீடும் அதேதான், முதல் தாரம் பூமிக்கு இறங்கிப் போய்விட்டது, இரண்டாம் தாரம் பெட்டியோடு வந்து நிற்கிறது. இதில் யார் யாரை நொந்துகொள்வது?

ரொதியோன் கெட்டவன் அல்ல. வோல்கா ஆற்றங்கரையில் சிஸ்ரன் ஊர்க்காரன். அப்பா ரயில் யார்டில் பெட்டிகளைக் கோர்த்தவர். அண்ணன்மார் போட்டுக் கிழித்த கோட்டைத்தான் பட்டாளத்தில் சேரும்வரை போட்டு வளர்ந்தான். எங்கள் விண்வெளி வீரர் கூட்டத்தில் சேர்ந்த பிறகும் அதே விதி. சவேலிக்கு மாற்று ஆளாகவே பல வருடம் பயிற்சி எடுத்தான். மாற்று ஆள் என்றால் எல்லாப் பாடமும் படிக்க வேண்டும், எல்லாத் தேர்வும் எழுத வேண்டும், கடைசியில் ராக்கெட் கிளம்பும்போது தரையில் நின்று கையாட்ட வேண்டும். இரண்டு தடவை அப்படிக் கையாட்டியிருக்கிறான். மூன்றாவது தடவைதான் அவனுக்கென்று ஓர் இடம் கிடைத்தது. வந்து பார்த்தால் அந்த இடத்திலும் சவேலியின் தலைமுடி மிதந்துகொண்டிருந்தது.

பதக்கத்தைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. இந்த வீடு அவன் வீடு என்று யாராவது நினைக்க வேண்டும், அதிலும் முக்கியமாக நான் நினைக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. அது எனக்கு மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. புரிந்து என்ன பயன்? நாக்கு என் பேச்சைக் கேட்டால்தானே.

எங்கே கை வைத்தாலும் சவேலிதான். கருவிப்பெட்டியில் சவேலியின் கையெழுத்து ஒட்டிய பட்டைகள், கம்பிகளில் சவேலியின் முடிச்சுகள், தூசி உறிஞ்சியின் வாயில் சவேலி சுற்றிய டேப். பூமியிலிருந்து கட்டுப்பாட்டு அறைப் பெண் பேசினாலும் அதே ராமாயணம். "அந்த உதிரி வடிகட்டியைச் சவேலி எங்க வச்சிருந்தாரு? இருங்க, அவர் இங்கதான் பக்கத்துல உட்கார்ந்திருக்காரு, கேட்டுச் சொல்றேன்."

"வேணாம்" என்பான் ரொதியோன். "நானே தேடிக்கிறேன்."

தேடுவான். அரை நாள் போகும். கிடைத்ததும் அதை வேறு இடத்தில் வைத்துத் தன் கையால் எழுதி ஒட்டுவான். அடுத்த நாள் நான் பழைய இடத்தில் கையை விட்டுத் துழாவுவேன். அவன் மேலிருந்து, மேல் என்று ஒன்று அங்கே இருந்தால், என்னையே பார்த்துக்கொண்டிருப்பான்.

கழிப்பறைத் தொட்டியை மாற்றும் நாள் வந்தது. சவேலி அதைச் செய்தால் வாடைகூட வராது. ரொதியோன் அவன் வழியே வேண்டாமென்று தன் வழியில் கழற்றினான். பிறகு இருவரும் துண்டை வைத்துக்கொண்டு அந்தரத்தில் துளிகளைத் துரத்தினோம். எதன் துளி என்று சொல்ல வேண்டியதில்லை.

"சவேலி செஞ்சப்போ..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"சொல்லுங்க யெகோரிச், முடிச்சுடுங்க" என்றான். "பாதியில விட்டா மீதியை நானே கற்பனை பண்ணிக்குவேன். அது இன்னும் மோசம்."

"ஒண்ணுமில்லப்பா. துண்டைப் பிடி."

"அவர் செஞ்சப்போ பன்னீர் மணந்துச்சு, அதானே?"

இதெல்லாம் பத்தாதென்று ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பேசும் நேரத்தில் என் மனைவி ஸீனாவின் புகார் வேறு. "வானத்துல குழாய் ரிப்பேர் பண்ற மனுஷனுக்கு வீட்டுக் குழாய் கண்ணுக்குத் தெரியல. சமையல்கட்டுத் தொட்டிக்குக் கீழ கசிஞ்சுக்கிட்டே இருக்கு." வந்து பார்க்கிறேன் என்பேன். ஒரு ஞாயிறு அவளே, "குழாயா? அது இப்போ சரியாயிடுச்சு" என்றாள். யார் சரி செய்தது என்று கேட்பதற்குள் நிலையம் அடிவானத்தைத் தாண்டிவிட்டது, தொடர்பு போய்விட்டது. நானும் அதை மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை எங்களுக்குப் பெருக்கித் துடைக்கும் நாள். காணாமல் போன பொருளெல்லாம் காற்றோட்டத்தில் மிதந்து போய் மின்விசிறிக் கம்பிவலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சனிக்கிழமை வலையில் சவேலியின் சீப்பும் சட்டைப் பொத்தானும் கிடைத்தன. ரொதியோன் அவற்றை இரண்டு விரலால் எடுத்துக் குப்பைப் பையில் போட்டான். அத்தோடு விடவில்லை. பக்கச் சுவர்த் தகடு ஒன்றைக் கழற்றினான். உள்ளே ஓடும் குளிர்க் குழாயில் அழுக்கேறிய பழைய பனியன் ஒன்று சுற்றிக் கட்டியிருந்தது.

"இது வேறயா?" என்றான். "உள்ளாடையைக்கூட விட்டுட்டுப் போயிருக்காரு."

"ஏதோ காரணத்துக்குத்தான் கட்டினான். போறப்போ உன்கிட்ட சொன்னானே."

"சொல்லியிருப்பாரு. அப்போ அவர் என் தோள்ல கை போட்டிருந்தாரு. எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் இருக்கு."

பனியன் குப்பையோடு சரக்குக் கப்பலில் ஏறியது. கப்பல் எங்களிடமிருந்து பிரிந்து, கீழே காற்றில் உரசி எரிந்தது. ரொதியோன் சன்னலை விட்டு அசையாமல் பார்த்தான். வந்த நாளிலிருந்து அன்றுதான் அவன் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

சில நாள் நன்றாகப் போயிற்று. ஒரு மதியம், மீன் டப்பாவைக் காலி செய்துவிட்டு ரொட்டித் துணுக்குகளை வாயால் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லாம் அமைதியானது. எங்கள் வீட்டில் மின்விசிறி இரைச்சல் ஓய்வதே கிடையாது. அந்த இரைச்சலில்தான் தூங்குவோம். அது நின்றால் காது அடைக்கும். விளக்கும் போயிற்று. நிலையம் பூமியின் நிழலுக்குள் இருந்ததால் சன்னலிலும் இருட்டு.

"சவேலி, டார்ச்" என்று கத்தினேன்.

இருட்டிலிருந்து ரொதியோனின் குரல், மிக மெதுவாக: "சவேலி மாஸ்கோவுல ஏதாவது வரிசையில நின்னுக்கிட்டிருப்பாரு. டார்ச் என்கிட்ட இருக்கு. எந்தப் பக்கம் காட்டணும் யெகோரிச்?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மின்விசிறி ஓடாவிட்டால் நாம் விட்ட மூச்சு முகத்தின் முன்னாலேயே தேங்கி நிற்கும். நான் அட்டையால் விசிறினேன், அவன் தகடுகளைக் கழற்றினான். பனியன் இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான். எங்கள் மூச்சின் ஈரமெல்லாம் குளிர்க் குழாயில் படிந்து, சொட்ட வழியில்லாமல் திரண்டு, முட்டைக்கோஸ் அளவுக்கு ஒரு தண்ணீர் உருண்டையாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஓரம் கம்பி இணைப்புகளை நக்கிக்கொண்டிருந்தது.

துண்டுக்குமேல் துண்டாக நான் கொடுத்தேன், அவன் ஒற்றி எடுத்தான். இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்துக் காய வைத்தான். மின்விசிறி திரும்ப இரைந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. பிறகு தன் பைக்குப் போய் ஒரு புதுப் பனியனைக் கொண்டுவந்தான். கடற்படைக்காரர்கள் போடும் நீலக்கோட்டுப் பனியன். தரையிறங்கும் நாளில் போட்டுக்கொள்ள அவன் மனைவி வாங்கித் தந்தது, இன்னும் மடிப்புக் கலையவில்லை.

"பழசு ஏதாவது கட்டேன்பா" என்றேன்.

"அவர் கட்டினது பழசு. நான் கட்டுறது புதுசு" என்று இறுக்கி முடிச்சுப் போட்டான்.

அடுத்த தொடர்பில் பூமியிலிருந்து வந்தது சவேலியின் குரல். "யெகோரிச், மின்விசிறி நின்னுடுச்சாமே. என் பனியனைப் பிழிஞ்சு விட்டீங்களா? வாரா வாரம் பிழியணும்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்."

பொய் சொல்ல நான் தயாராக இருந்தேன். ரொதியோன் ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டான். "உங்க பனியன் இல்லீங்க. குப்பையில போட்டேன், எரிஞ்சுடுச்சு. அதனாலதான் இவ்வளவும். இப்போ என்னோடது கட்டியிருக்கு."

"என்ன துணி?" என்றான் சவேலி.

"பருத்தி. கோடு போட்டது. புதுசு."

"புதுத்துணி தண்ணியை உறிஞ்சாது. துவைச்சு இளைச்ச துணிதான் உறிஞ்சும்."

"நல்லாவே உறிஞ்சுது."

"முடிச்சு? என் முடிச்சா?"

"இல்ல. என் முடிச்சு."

சவேலி அதற்குமேல் பேசவில்லை. அந்த மௌனத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. வாடகைக்கு விட்ட வீட்டை எதிர்ப்பக்கத்துத் தெருவில் நின்று பார்ப்பவனைப் போல அவனும் கீழே வெந்துகொண்டிருந்தான். மேலே ஒருவன், கீழே ஒருவன், நடுவில் நான். இரண்டு பேரும் ஒரு கந்தல் துணிக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். எனக்கு அந்த நோய் கிடையாது என்று நினைப்பு.

மீதி மாதங்கள் ரொதியோன் மாடாக உழைத்தான். ஆனால் பெயர் விஷயத்தில் நான் திருந்தவில்லை. பூமிக்குத் திரும்பிப் புல்வெளியில் இறங்கியதும், மீட்புக் குழுவினர் எங்களைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தபோது, "ரொம்ப நன்றிப்பா, சவே... ரொதியோன்" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். வெயிலுக்காக மூடியதாக மருத்துவர் நினைத்தார்.

மருத்துவர்கள் விட்டதும் வீட்டுக்கு வந்தேன். வந்த வாரமே சமையல்கட்டுத் தொட்டிக்குக் கீழே படுத்து அலமாரிக் கதவைத் திறந்தேன். குழாய் இணைப்பில் ஒரு பழைய பனியன் சுற்றிக் கட்டியிருந்தது. துணியைவிட முடிச்சுத்தான் முதலில் கண்ணில் பட்டது. நான்கு மாதம் தினம் பார்த்த முடிச்சு.

"ஸீனா, யார் வந்தது?"

"சவேலிதான். வேற யார் வருவாங்க? நீதான் மேல சுத்திக்கிட்டிருந்தியே."

"ஒரு தடவையா?"

"வாரா வாரம். பிழிஞ்சு விடணுமாமே. பிழிஞ்சுட்டு டீ குடிச்சுட்டுப் போவான். நல்ல பையன்."

வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. என் தொட்டி, என் குழாய், என் டீ, என் நாற்காலி. நான் இல்லாத வீடு என்னைத் தேடாமல் இத்தனை மாதம் சொட்டுக்கூடச் சிந்தாமல் நன்றாக இருந்திருக்கிறது. கையை வெளியே நீட்டினேன். "ரொதியோன், கத்தரிக்கோலைக் குடு."

கத்தரிக்கோல் வரவில்லை. ஸீனாவின் செருப்புகள் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"யாரு?" என்றாள். "இத்தனை வருஷம் கூட இருந்தவ பேரு வாயில வரல, இல்ல? சவேலி இதே இடத்துல படுத்துக்கிட்டு, ஸீனா, கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்கன்னுதான் கேட்டான்."

கத்தரிக்கோல் தரையில் டொக்கென்று விழுந்தது. எடுத்துப் பனியனை வெட்டி எறிந்தேன்.

மறுநாள் அடுத்த கட்டடத்தில் இருந்த ரொதியோன் வீட்டுக்குப் போனேன். அவன் கொழுக்கட்டைக்குப் புளித்த பாலேட்டைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நடந்ததையெல்லாம் சொன்னேன். முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"என் பேரைச் சொல்லியா கூப்பிட்டீங்க?"

"ஆமா."

"யோசிச்சா, யோசிக்காமலா?"

"யோசிச்சா ஸீனான்னு வந்திருக்குமே."

அவன் இன்னொரு தட்டை எடுத்து எனக்கும் கொழுக்கட்டை வைத்தான். காதுவரை சிவந்திருந்தான்.

"அந்தப் பனியனை வெட்டிட்டீங்களா?"

"வெட்டிட்டேன்."

"இப்போ?"

"தரையெல்லாம் தண்ணி. ஸீனா சவேலிக்கு ஃபோன் பண்ணப் போறேன்னு நிக்கிறா."

ரொதியோன் எழுந்து உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு பனியன் இருந்தது. நீலக்கோடு போட்டது, துவைத்துத் துவைத்து இளைத்தது.

"நடங்க யெகோரிச்" என்றான். "அவர் வர்றதுக்குள்ள கட்டிடலாம்."