பாதி என்ஜினோடு கோட்டையூருக்கு மேலே

காலை 7.10. திருச்சியிலிருந்து கிளம்பினோம். நான்கு பேர் உட்காரும் ஒற்றை என்ஜின் விமானம். செட்டிநாட்டு வீடுகளை மேலிருந்து காட்டிவிட்டுத் திருச்சிக்கே திரும்பும் பயணம். ஆளுக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டியவர் சுலைகா, புதுவயல்காரர், முப்பது வயது இருக்கும். அவர் பக்கத்தில் வள்ளியப்பன், கோட்டையூரில் பழைய வீடொன்றை விடுதியாக நடத்துபவர். தன் விருந்தினர்களை இதில் அனுப்பலாமா என்று பார்க்க வந்திருந்தார். பின்னிருக்கையில் கும்பகோணத்துக்காரியான நான் மட்டும்.

7.45. இரண்டாயிரத்து ஐந்நூறு அடி உயரம். கீழே கோட்டையூர். முற்றம் முற்றமாகத் திறந்து கிடந்த வீடுகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று விமானம் உதறத் தொடங்கியது. மேடு பள்ளத்தில் போகும் பேருந்தின் உதறல் அல்ல, பல்லோடு பல் அடித்துக்கொள்ளும் உதறல். என்ஜின் நிற்கவில்லை. ஆனால் சத்தம் பாதியாகிவிட்டது.

சுலைகா முதலில் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினார். வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டு, பெட்ரோல் அடுத்த டேங்கிலிருந்து வரும்படி மாற்றினார், பம்பைப் போட்டார், இன்னும் இரண்டு மூன்று பிடிகளை இழுத்துப் பார்த்தார். எதற்கும் சரியாகவில்லை. என்ஜின் விசையைக் கொஞ்சம் குறைத்தபோது மட்டும் உதறல் அடங்கியது. அதை அங்கேயே விட்டுவிட்டு, ரேடியோவில் திருச்சிக்குச் சொன்னார்.

"என்ஜின்தான் ஓடுதுல்லம்மா, அப்படியே திருச்சிக்குத் திரும்பிருவோம்" என்றார் வள்ளியப்பன்.

"எப்ப நிக்கும்னு அது சொல்லாதுண்ணே. நின்னாலும் எறங்க இடம் இருக்கணும். அந்தா தெரியுதுல்ல, பழைய ஓடுதளம், அதுலதான் எறக்கப் போறேன். பெல்ட்ட இறுக்கிக்கங்க. அக்கா, நீங்களும்."

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்டு, பிறகு கைவிடப்பட்ட ஓடுதளம் அது. நேராக அதை நோக்கிப் போகாமல், உயரத்தை விட்டுக்கொடுக்காமல், அகலமாக ஒரு வட்டம் அடித்தார். திருப்பம் ஒவ்வொன்றும் மெதுவாக இருந்தது. எட்டிவிடலாம் என்று உறுதியான பிறகுதான் விசையை முழுக்கக் குறைத்தார். அப்போதுதான் பார்த்தோம், ஓடுதளத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கார். மறுபடி மேலே ஏற என்ஜினில் வலு இல்லை. கார் தடுமாறி வலப்பக்கம் ஒதுங்கியது. நாங்கள் இடது ஓரமாக இறங்கி, பெயர்ந்த தார்மீது குதித்துக் குதித்து ஓடி நின்றோம். மணி 7.56.

காரிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாராம். "எங்குட்டு ஒடிக்கிறதுன்னே தெரியல. நல்லா இருக்கீகளா எல்லாரும்?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அடுத்த கால் மணி நேரத்துக்குள் நிறுவன மேலாளரின் போன். சுலைகா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ஜின் நிக்கலையே? அப்புறம் எதுக்கு அங்க இறக்குனீங்க? கூட்டம் சேர்றதுக்குள்ள எடுத்துட்டு வந்துடுங்க."

"எடுக்க மாட்டேன் சார். நேத்து ஓட்டுனப்பவே உதறுதுன்னு எழுதிக் குடுத்தேன். மெக்கானிக் பாத்துட்டாரு, சரியாயிருச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"பாத்தாச்சும்மா. பயந்து இறக்கிட்டு என்ஜின் மேல பழி போடாதீங்க."

மூன்று பேர் உயிரோடு இருக்கிறோமா என்று அந்த ஆள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போனைப் பிடுங்கி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

11.20. திருச்சியிலிருந்து காரில் மெக்கானிக் வந்தார். நரைத்த தலை, அதிகம் பேசாதவர். என்ஜின் மூடியைக் கழற்றி அரை மணி நேரம் பார்த்தார். நான்கு சிலிண்டரில் ஒன்றின் வால்வு சிக்கிக் கிடந்தது.

"நேத்து இதைப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"நேத்து நான் லீவும்மா. எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே."

சுலைகா விமானத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவரை அழாதவர், அப்போதுதான் அழுதார். "நானே அவருக்குப் போன் பண்ணிக் கேட்ருக்கணும்ணே" என்று வள்ளியப்பனிடம் சொன்னார்.

"நீ எதுக்கும்மா அழுற? அழ வேண்டியவன் அங்க உக்காந்துருக்கான்" என்றார் அவர். தன் விருந்தினர் ஒருவரையும் இனி அனுப்புவதாக இல்லை என்று மேலாளருக்கு அங்கேயே குரல் செய்தி அனுப்பினார். மெக்கானிக் தான் கண்டதை விமானத்தின் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் பக்கத்தையும், அதற்கு முந்தைய பக்கத்தில் சுலைகா எழுதியிருந்ததையும் படமெடுத்துக்கொண்டேன்.

மாலை 4.30. காரைக்குடியிலிருந்து பேருந்தில் திருச்சிக்குத் திரும்பினேன். கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகே டிக்கெட் வாங்கினேன். ஜன்னல் வழியே பார்த்த எதுவும் மனதில் பதியவில்லை.

மறுநாளே இரண்டு படங்களையும் வைத்து விமானப் போக்குவரத்துத் துறைக்குப் புகார் எழுதினேன். வள்ளியப்பனும் கையெழுத்துப் போட்டார். புகார் கிடைத்தது என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். சுலைகாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அனுமதியில்லாத இடத்தில் இறக்கினார் என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். அந்த மேலாளர் இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். செட்டிநாட்டை வானத்திலிருந்து பார்க்க நினைப்பவர்கள் ஏறுவதற்கு முன், அந்த என்ஜினைக் கடைசியாகத் திறந்து பார்த்தது யார், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பதில் வரும்வரை ஏறாதீர்கள்.